சர்க்கார் ஃபேன்

5 ஆகஸ்ட் 1969, செவ்வாய். ஹேடோ.

ஃபேன் இப்போது சத்தமில்லாமல் சுற்றுகிறது. காய்ச்சல் வந்த நாளிலிருந்து குழந்தை இன்றுதான் அயர்ந்து தூங்குகிறாள். ஆனால் நான் செய்தது தப்பாம்.

குவார்ட்டர்ஸ் ஃபேனை நாம் தொடக் கூடாது, வயர்மேன்தான் தொட வேண்டும். அவரைக் கேட்டால், "உள்ளே போடுற ரப்பர் மெயின்லேண்ட்ல இருந்து வரணும். ஜஹாஸ் ஆனே தோ" என்பார். தீவுக்குக் கப்பலும் வந்தது. உருளைக்கிழங்கு வந்தது, சிமெண்ட் வந்தது. ரப்பர் மட்டும் வரவில்லை.

இன்று இவர் டூட்டிக்குப் போனதும் மெயினை அணைத்துவிட்டு, மேஜைமேல் ஸ்டூல் போட்டு ஏறினேன். பக்கத்து வீட்டு வங்காளி தீதி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "கிர் ஜாயேகி, உதர் ஆ!" என்று, விழுந்துவிடுவேன் என பயந்து என்னை இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தாள். மேலே கொக்கியை மூடும் கிண்ணம் தளர்ந்து, ஃபேன் தொங்கும் கம்பியில் இடித்துத்தான் இத்தனை நாள் சத்தம் போட்டிருக்கிறது. உள்ளே இருந்த ரப்பர் உப்புக்காற்றில் பொடிந்துபோயிருந்தது. குளியலறை வாசலில் கிடந்த ரப்பர் செருப்பை வெட்டி, கம்பியைச் சுற்றி வைத்து இறுக்கினேன். அவ்வளவுதான் வேலை.

சாயங்காலம் இவர் வந்து குதித்தார். "யாரைக் கேட்டுக் கை வச்ச? ஆபீஸ்ல தெரிஞ்சா என்னைத்தான் கேப்பாங்க. கழட்டு அதை!"

"நீங்களே ஏறிக் கழட்டுங்க. பிள்ளை முழிச்சுக்கிட்டா நீங்களே தோள்ல போட்டுக்கிட்டு நடங்க" என்றேன்.

ஃபேனைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். இப்போது அதே ஃபேனுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்குகிறார்.

காலையில் எழுந்ததும் தன் ரப்பர் செருப்பைத் தேடுவார். மேலே பாருங்கள் என்று சொல்லப்போகிறேன்.