எலும்புப் பெட்டியும் கல்யாணப் பாவும்

1971 மார்ச் 14, ஞாயிறு
எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் தேவகி எழுதுகிறாள். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ.

பேத்தி கிருஷ்ணவேணி மெட்ராசிலிருந்து வந்தாள். பி.எஸ்சி. கடைசி வருஷம், மனுஷ உடம்பைப் பத்தின படிப்பு. பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்காங்க. கூடவே ஒரு மரப்பெட்டி. உள்ளே எலும்பு, நிஜமான மனுஷ எலும்பு. மாசம் நாலு ரூபா வாடகையாம். செத்தவனுக்கு வாடகை வாங்கறது யாருன்னு கேட்டேன். "சீனியர் ஒருத்தர்தான் தாத்தா" என்றாள்.

மார்ச் 16
இவள் படிப்புக்கு மூணு வருஷத்துல வாங்கினது ரெண்டாயிரத்து இருநூறு. எல்லாம் தணிகாசலம் முதலாளிகிட்ட. தறியில பூட்டறதுக்கு அவர் தருகிற பட்டு நூல் பாவைத்தான் மகன் அர்ஜுனன் நெய்யறான். கடன் தீர்ற வரைக்கும் வேறொருத்தருக்கு நெய்யக் கூடாது. மாசம் நூத்தம்பது தேறும்.

படிப்பை முடிச்சா ஆஸ்பத்திரியில ரத்தம் சோதிக்கிற வேலை, நூத்தி அறுபத்தஞ்சு ரூபா என்கிறாள். இத்தனை கடனும் பதினஞ்சு ரூபா கூட வாங்கத்தானா?

"நான் தறி வேலை செஞ்சா எனக்குத் தனியாக் கூலி உண்டா தாத்தா?"

இல்லைதான். இருபத்திரண்டு வருஷமா தேவகி இழை சுத்தறா, அறுந்ததைப் புணைக்கிறா. அவள் கையில யார் காசு குடுத்தாங்க? — இதை எழுத தேவகி கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் எழுதினாள்.

மார்ச் 18
முதலாளியே நேரில் வந்தார். தறியில அரக்குக் கலர் கல்யாணப் புடவை. மூலையில இருந்த பெட்டியைப் பார்த்து என்னன்னு கேட்டார். சும்மா இருந்திருக்கலாம். இந்தப் பொண்ணு திறந்தே காட்டிச்சு.

"இது தொடை எலும்புங்க. ஒடம்புலயே பெரிசு இதுதான்."

முதலாளி தெருவுக்கே போயிட்டார். அங்கேர்ந்து என் பேரைச் சொல்லிச் சத்தம்: "கண்ணாயிரம்! தாலி கட்டிக்கிறவ உடுத்தற துணிபா இது! பொணத்தப் பக்கத்துல வெச்சிக்கினா நெய்வீங்க? ஒண்ணு அந்தப் பெட்டி போவணும். இல்ல, பாவ எடுத்துக்கிறேன், என் பணத்த மொத்தமா வை!"

மார்ச் 19
பாவு போனால் சோறு போச்சு. பெட்டி போனால் பரீட்சை போச்சு. எலும்பைக் கையில குடுத்துத்தான் பேர் கேட்பாங்களாம்.

"திருப்பிக் குடுத்துட்டு வாடி" என்றாள் தேவகி.

"நான் ஃபெயிலானா முதலாளி கடனத் தள்ளிடுவாராம்மா?"

அர்ஜுனன் நின்னுபோன தறி முன்னாடி உக்காந்துக்கினு இருந்தான்.

மார்ச் 20
பெட்டியைத் தூக்கிக்கொண்டு செவிலிமேட்டுக்கு அப்பால் இருக்கிற சேரிக்குப் போனேன். மரியம்மாள் வீடு. நிலம் இருந்த காலத்துல அவள் புருஷன் ராஜவேலு எங்ககிட்ட கூலி வேலை செஞ்சான். வேதக்காரங்க, ஏசுவைக் கும்பிடறவங்க. விஷயத்தைச் சொன்னேன். பெட்டியைப் பார்த்தாள்.

"உங்க பட்டுக்கு ஆவாதது எங்க கூழுக்கு ஆவுமா பெரியவரே?"

"ஆவாதுன்னா சொல்லிடும்மா. எடுத்துக்கினு போயிடறேன்."

"வெச்சிட்டுப் போ. ஒரே பேச்சு. பொண்ணு இங்க படிக்கட்டும். ஆனா சோத்துக்கு மட்டும் ஊட்டுக்கு ஓடக் கூடாது. இங்க படிக்கிறவ இங்கதான் துன்னணும்."

சரின்னு வந்துட்டேன். — இந்த இடத்தில் தேவகி பேனாவைக் கீழே வெச்சிட்டாள். ரெண்டு நாள் கழிச்சுத்தான் திரும்ப எடுத்தாள்.

மார்ச் 22
தறி ஓடுகிறது.

ஏப்ரல் 4
உத்திரமேரூர்லேர்ந்து கிருஷ்ணவேணியைப் பொண்ணு கேட்டிருந்தவங்க வேணாம்னு ஆள் அனுப்பினாங்க. பொண்ணு சேரியில சாப்பிடுதாமே என்றார்களாம். ஆமான்னேன். படிப்புக்கு ஆன செலவில் இதையும் சேர்க்க வேண்டியதுதான். தேவகி மூணு நாளாக என்கிட்டப் பேசலை. எழுத மட்டும் எழுதுகிறாள்.

"மாப்ள போனா போறாரு தாத்தா. மரியம்மா கருவாட்டுக் கொழம்பு வெக்கிறாங்க, அம்மா கத்துக்கணும்" என்கிறாள் இவள். தேவகி முறைத்தாள்.

ஜூன் 12
பாஸ். செகண்ட் கிளாஸ்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு
முதல் சம்பளம். நூத்தி அறுபத்தஞ்சுதான், சொன்ன மாதிரி. மெட்ராஸ்ல ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் எண்பது. முதலாளிக்கு அறுபது. மாசா மாசம் இப்படிக் குடுத்தால் மூணு வருஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் நான் இருக்கணுமே.

வருகிற வழியில் கிருஷ்ணவேணி யாரையும் கேட்காமல் மரியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மரியம்மாள் படி ஏறலை. தேவகியும் கூப்பிடலை. குழம்பைக் கிண்டிக்கினு இருந்தாள். அப்புறம், "வாசல்லயே எம்மா நேரம் நிப்பே? கை கழுவிக்கினு உள்ள வா" என்றாள் தேவகி.

அவங்க சாப்பிடும்போதே முதலாளி வந்தார். நிலைப்படியில் நின்றபடி உள்ளே பார்த்தார். தறிக்குப் பக்கத்துல மரியம்மாள், முன்னாடி தட்டு. அர்ஜுனன் எழுந்து நின்னுட்டான். முதலாளி கையை மட்டும் நீட்டினார். அறுபது ரூபாயையும் வாங்கி, எண்ணி, மடியில் வைத்துக்கொண்டு போனார்.

தேவகி மரியம்மாளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.