எதிர்த்தரப்பின் வேலை

மார்ச் 4
மருத்துவரிடம் சென்று வந்தேன். இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கவில்லை. தூக்கம் எப்படி என்று கேட்டார். மகள் முந்திக்கொண்டாள்: "எங்க தூங்குறார் டாக்டர்? தன்னையே திட்டிக்கிட்டு நடக்குறார்." மறுப்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

மார்ச் 7
சென்ற மாதம் நான் நடத்தும் ஒரு மேல்முறையீட்டு வழக்கில், வாதத்தின் நடுவே சொல் மறந்து நின்றேன். நீதிபதி பெருந்தன்மையாக வேறு தேதி கொடுத்தார். அன்றிலிருந்து முகம் மழிக்கும்போதும் சட்டைக்குப் பொத்தான் போடும்போதும் உள்ளே ஒரே பல்லவி: உன்னால ஆகாது, மரியாதையா ஒதுங்கிக்கோ. சொல்லச் சொல்ல நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. நடுக்கத்தைக் கண்டதும், பாத்தியா, சொன்னேன்ல என்கிறேன். குற்றம் சாட்டுபவனும் நானே, சான்றும் நானே.

மார்ச் 8
வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாமா?

மார்ச் 11
காலையில் மகள் கேட்டாள்: "உங்களுக்கு எதிரா நீங்க பேசுறது பக்கத்து வீடு வரைக்கும் கேக்குதுப்பா. உங்க பக்கம் யாரு ஆஜராகுறா?"

திருமணமான புதிதில் குடியிருந்த மாடி அறை நினைவுக்கு வந்தது. ஒரே அறை, நடுவில் ஒரு திரை. இப்பால் கண்ணாடி முன் நான் வாதத்தை ஒத்திகை பார்ப்பேன். அப்பால் என் மனைவி அடுப்பருகே. ஒரு நாள், "இது நிக்காது, தோத்துடுவேன்" என்று முனகினேன். திரைக்குப் பின்னிருந்து குரல் வந்தது: "அதச் சொல்ல அந்தப் பக்கத்து வக்கீலுக்கு ஃபீஸ் குடுத்திருக்காங்க. நீங்க ஏங்க ஓசியில சொல்றீங்க?" சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். அந்த வழக்கில் தோற்றேன் என்பதையும் இங்கே பதிவு செய்வதே முறை. ஆயினும் அன்று நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அவள் காலமானபின் இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்துக்குத்தான் உழைத்திருக்கிறேன் போலும்.

மார்ச் 15
இனி ஒரு நெறி: எனக்கெதிராக எதைச் சொன்னாலும், மறுதரப்பைக் கேட்காமல் முடிவு இல்லை. "உன்னால ஆகாது." மறுப்பு: இத்தனை வருஷம் ஆச்சே, பேச்சு நின்னது ஒரு தடவதானே? — செயற்கையாகத்தான் ஒலிக்கிறது. வழக்கை ஒப்படைக்கவில்லை.

மார்ச் 19
அழுத்தம் சற்று இறங்கியிருக்கிறது. மாத்திரையாலா, பேச்சாலா? நிரூபிக்க இயலாது.

மார்ச் 26
வாதாடினேன். நடுவில் ஒரு முறை சொல் நின்றது. தண்ணீர் குடித்தேன், வந்தது. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

நீதிமன்றப் படிகளில் இறங்குகையில் கால் லேசாகத் தடுமாறியது. "பாத்துங்க, மெதுவா" என்றது என் வாய். பக்கத்தில் யாரும் இல்லை. சொன்ன விதம் அவளுடையது.