கடியாது என்று நீ சொன்ன பூச்சி

நேற்று மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒரு தாய் மட்டும் வாசலில் நின்றார். கையில் மூடி இறுக்கிய ஜாம் போத்தல். உள்ளே இடை மெலிந்த, நீலக் கறுப்பான ஒரு பூச்சி கண்ணாடியில் முட்டி முட்டிப் பறந்தது.

“ரீச்சர், எங்கட கூரைக்குள்ள இது கனநாளா நிக்குது. பேர் ஒருத்தருக்கும் தெரியேல்லை. இது கடிக்குமோ?”

“எனக்குத் தெரியாது. கை வைக்காதேங்கோ. நாளைக்குச் சுகாதாரக் கந்தோரில காட்டிக் கேட்பம்,” என்றேன்.

அவருடைய முகம் சுருங்கிப்போயிற்று. படித்தவள் ஒரு சொல்லில் பதில் சொல்வாள் என்று நம்பி வந்திருப்பார். அந்த நேரத்தில்தான் என் காதுக்குள் உன் குரல் கேட்டது. “கடியாது.” நீ போய் இரண்டு வருசமாகிறது. இறந்துபோன கூட்டாளிக்கு எழுதுகிறவர்கள் அழுதுகொண்டு எழுதுவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பில் நாம் வாடகைக்கு இருந்த அந்த அறையை நீ மறந்திருக்க மாட்டாய். பின்சுவருக்கு அங்கால் வீட்டுக்காரரின் மாட்டுக் கொட்டில். சுவர் வெடிப்புகளில் எப்போதும் ஈரம். ஒரே ரியூசன் நிலையத்தில் நீ விஞ்ஞானம், நான் தமிழ். நான் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் வளர்ந்தவள். மீன் என்றால் செதிலைப் பார்த்துப் பெயர் சொல்வேன், காட்டுப்பக்கத்துப் பூச்சிகளோ எனக்குப் புதிது. விளக்கைப் போட்டால் எங்கிருந்தோ வந்து விழுகிற ஒவ்வொன்றையும் உன்னிடம் காட்டிக் கேட்பேன். நீ பெயர் சொல்வாய், கால் எத்தனை, சிறகு எத்தனை என்பாய். உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அதை இப்போது எழுதத்தான் கசக்கிறது.

ஒரு நாள் பொழுதுபடும் நேரம், என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அவற்றைக் கண்டேன். நுளம்பை விடச் சிறியவை. சாம்பல் நிறம். இரண்டு சிறகுகளையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, பறக்காமல் தத்தித் தத்திப் போயின. சத்தமே இல்லை.

“இஞ்ச ஒருக்கா வந்து பாரன். இது என்னடி?”

நீ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய். எழும்பவில்லை. தலையை மட்டும் திருப்பினாய்.

“புழுதியோட வாற பூச்சி. கடியாது.”

“கிட்ட வந்து பார்த்திட்டுச் சொல்லன்.”

“கடிக்கிறதெண்டால் சத்தம் போடும், இல்லாட்டி நோகும். ரெண்டும் இல்லையெல்லே? பேசாமப் படு.”

நுளம்பு வலை வாங்கப் போகிறேன் என்றதற்குச் சிரித்தாய். அடுத்த நாள் வகுப்பில், “தமிழ் ரீச்சருக்குத் தும்பியும் கடிக்கும்” என்று சொல்லிப் பிள்ளைகளையும் சிரிக்க வைத்தாய். நான் வெட்கப்பட்டு வலை வாங்காமல் விட்டேன். அது என்னுடைய பிழை. அதை உன் கணக்கில் போட மாட்டேன்.

சில மாதங்களில் என் இடக் கன்னத்தில் ஒரு பரு வந்தது. நோகவில்லை, அரிக்கவுமில்லை. சிவந்து, தடித்து, நடுவில் உடைந்து புண்ணாகிற்று. மஞ்சள் பூசினேன். கடையில் விற்ற களிம்புகளை ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தேன். “வெக்கைக்கு வாறது, மாறிடும்” என்றாய். அது மாறவில்லை.

ஊர் கதைக்கத் தொடங்கியது. யார் முதலில் அந்தச் சொல்லைச் சொன்னார்களோ தெரியாது, ஒரு கிழமைக்குள் எல்லோர் வாயிலும் இருந்தது. குட்டம், அந்தத் தொழுநோய். என் வகுப்பில் முன்வாங்கு காலியானது. பிறகு இரண்டாம் வாங்கும் காலியானது. என் கையால் வாங்கிய கொப்பியை ஒரு பிள்ளை பாவாடையில் துடைத்ததைப் பார்த்தேன்.

நிலையத்தை நடத்தியவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். உன்னையும் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவைத்துத்தான் பேசினார், ஆனாலும் மரியாதையாகப் பேசினார்.

“தாய் தேப்பன்மார் பிள்ளையளை மறிக்கினம், ரீச்சர். நான் என்ன செய்யிறது?” என்று என்னிடம் சொல்லிவிட்டு உன் பக்கம் திரும்பினார். “நீங்கள் விஞ்ஞானம் படிச்சனீங்கள். ஒரே அறையில இருக்கிறனீங்கள். சொல்லுங்கோ, இது தொத்துமோ?”

நான் உன்னைப் பார்த்தேன். தொற்றாது என்று நீ ஒரு சொல் சொன்னால் அவர் நம்புவார். பெற்றோரும் நம்புவார்கள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்கிறவளாயிற்றே நீ.

நீ மேசையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு வடிவாத் தெரியாது, சேர்,” என்றாய்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றோடு என் வேலை போயிற்று. அந்தக் கிழமையே நீ வேறு அறை பார்த்துக்கொண்டு போனாய். போகும்போது உன் பாயையும் தலையணையையும் விட்டுவிட்டுப் போனாய். நான் அவற்றைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன்.

அம்மா என்னை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனா. பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தேன். மூன்று மாதம் நான் சுமந்து திரிந்த புண்ணை டொக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தா. “இது குட்டமில்லை. மணல் ஈ கடிச்சு வாறது. ஆளிலயிருந்து ஆளுக்குத் தொத்தாது, பயப்பிடாதேங்கோ,” என்று சொல்லிச் சுவரிலிருந்த படத்தைக் காட்டினா. அந்தச் சாம்பல் பூச்சி, சிறகைத் தூக்கிக்கொண்டு நின்றது.

வாராவாரம் புண்ணைச் சுற்றி ஊசி. கன்னத்துக்குள் நெருப்பு வைத்தது போலிருக்கும். ஒவ்வொரு ஊசிக்கும் உன்னைத்தான் திட்டினேன். புண் ஆறியது. தழும்பு நின்றுவிட்டது. சந்தையில் ஒருமுறை உன்னை மறித்து, “மணல் ஈயாம்,” என்றேன். “ஓ, அப்பிடியோ,” என்று சொல்லிவிட்டு நீ கத்தரிக்காய் பொறுக்கினாய்.

பிறகு ஓமந்தைக்குக் கிட்ட உன் மோட்டார் சைக்கிளை லொறி அடித்தது என்று செய்தி வந்தது. செத்தவீட்டுக்கு வந்தேன். அழ வரவில்லை, பார்க்க வந்தேன். உன் தங்கை என் பக்கத்தில் வந்திருந்து என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கட அக்காவுக்கும் இது இருந்தது,” என்றாள் மெதுவாக. “முழங்கைக்கு மேல. உங்களுக்கு வாறதுக்கு முதலே. அனுராதபுரம் போய் ஒளிச்சு ஊசி போட்டவா. அப்ப அவாக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தது. ஆரிட்டையும் சொல்லாதேங்கோ, அக்கா. எனக்கும் இப்ப பேசினம்.”

சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகிறேன் என்று நீ முதல் பஸ் பிடித்துப் போனது அதற்குத்தான். அந்த வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டது அதற்குத்தான். அந்த மேசைக்கு முன்னால் நீ “தெரியாது” என்றபோது, அதன் பெயர் உனக்குத் தெரியும். மருந்து தெரியும், தொற்றாது என்றும் தெரியும். சொல்லியிருந்தால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்காக என்னைக் குட்டக்காரியாக விட்டாய். அந்தக் கலியாணமும் உனக்குச் சரிவரவில்லை என்று பிறகு அறிந்தேன். அதில் எனக்குச் சந்தோசம் வரவில்லை. இரக்கமும் வரவில்லை.

இப்போது என் வீட்டு முன்விறாந்தையில் நானே வகுப்பு வைத்திருக்கிறேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் முதல் நாளே கன்னத்தைக் காட்டிவிடுவேன். இன்ன பூச்சி, இப்படி நிற்கும், இந்தப் புண் இப்படி இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, ஒளிக்காதேங்கோ என்று சொல்வேன். “உங்களுக்கு மட்டுமோ ரீச்சர் வந்தது?” என்று யாராவது கேட்பார்கள். உன் பெயர் நாக்கு நுனி வரை வரும். உன்னை மன்னிக்க எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை, வரும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் உன் தங்கைக்கு இன்னும் ஒரு கலியாணமும் பொருந்தவில்லையாம். அதனால், “ஓம், எனக்கு மட்டும்தான்,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.