வண்டிமேல் எழுதிய வசவு

மார்ச் 3, திங்கள்

கீழ்வீட்டுத் தையற்காரி செல்போனை நீட்டினாள். "அக்கா, இது உங்க அண்ணன் பொண்ணுதானே?"

அவளேதான். பார்சல் கொண்டுபோகிற பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, பின்சக்கரத்திலேயே பாலத்தைக் கடக்கிறாள். ஒரு கையை வேறு விட்டுவிட்டாள்! தாயில்லாப் பிள்ளை என்று பொத்திப் பொத்தி வளர்த்தது இதுக்குத்தானா?

வந்ததும் வராததுமாக, "எமகாதகி! எமகாதகி!" என்று கத்தினேன். என் கன்னத்தைக் கிள்ளி, "சூப்பர் பேரு அத்தே" என்கிறாள்.

மார்ச் 6

பெட்ரோல் டேங்கில் சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறாள்: எமகாதகி. போனில் பார்க்கிறவர்கள் எல்லாம் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

மாடி வீட்டு வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன். "எமனையே கொல்றவள்னு அர்த்தம்மா. உயிருக்குத் துணிஞ்சவங்களச் சொல்றது. திட்டவும் செய்யலாம், மெச்சவும் செய்யலாம்."

நான் திட்டினேன். அவள் மெச்சினதாக எடுத்துக்கொண்டாள். இனி அதை எப்படித் திரும்ப வாங்குவேன்?

மார்ச் 9

இன்றைக்கு "அடங்காப்பிடாரி" என்று சொல்லிப் பார்த்தேன். "இதுவும் நல்லாருக்கே! அடுத்த வண்டிக்கு வெச்சுக்கறேன்."

இனி நான் வாயே திறக்கப் போவதில்லை. (நடக்கிற காரியமா?)

மார்ச் 15, சனி

நாளைக்கு, நிறுத்திவைத்த வேனைப் பைக்கோடு தாண்டப் போகிறாளாம். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"பேரு வெச்சதே நீங்க. இப்பப் பின்வாங்குனா அந்தப் பேருக்கு என்ன மரியாதை அத்தே?"

சாவியை அரிசி டப்பாவில் ஒளித்தேன். அவளிடம் இன்னொன்று இருக்கிறது.

எமதர்மராஜா, அது உங்களைச் சண்டைக்குக் கூப்பிடுற பேரு இல்ல சாமி. எங்க வீட்டுக்குள்ள திட்டுற வார்த்தை. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.

மார்ச் 16

விழுந்துட்டா. உயிர் இருக்கு. இடுப்பெலும்புதான்... சாமி, சாமி.

மே 4

ஆஸ்பத்திரியில் இன்றைக்குப் படி இறங்கப் பழக்கினார்கள். நர்ஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மொத்தம் மூணே படி. முதல் படியில் ஊன்றுகோலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பயமாருக்கு அத்தே. என்னை விட்டுடாதீங்க."

இவளுக்குக் கொஞ்சமாவது பயத்தைக் கொடு என்று வேண்டாத நாள் உண்டா? இன்றைக்கு அதை அவள் வாயால் கேட்டதும் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டேன்.

ரெண்டு பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.