ஆடியில் விலை இறங்கும் என்றேன்

அம்மா,

இன்று ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு கொட்டேஷன் தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். புது பைக் எடுக்கப் போகிறாராம். "நீங்க வந்து பேசுங்க பாஸ், உங்ககிட்டதான் ஷோரூம்காரன் அடங்குவான்" என்றார். வேலை இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை.

ஆனி மாதக் கடைசியில் நாம் இரண்டு பேரும் முத்தியால்பேட்டையிலிருந்து டெம்போவில் ஷோரூம் போனோம். மில் மூடிய பிறகு ஆஸ்டல் சமையலுக்கு நீ தினமும் நசுங்கிக்கொண்டு போன அதே டெம்போ. இருப்பதில் நல்ல புடவையைக் கட்டியிருந்தாய். ஆடி வெள்ளியில் ஓடும் வீராம்பட்டினம் தேருக்கு என் வண்டியில், என் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும். நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அங்கே தந்த கொட்டேஷன் தாளை நான் வரி வரியாகப் பார்த்தேன். சாலை வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சரி. கீழே ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒன்று. அது சட்டத்தில் இல்லாத காசு.

"எதை ஹேண்டில் பண்றீங்க? குடோன்லேர்ந்து வாசலுக்குத் தள்ளினு வர்றதுக்கா?"

சேல்ஸ்மேனுக்கு என் வயதுதான் இருக்கும். முகம் சுருங்கிவிட்டது. நீதான் அவனைத் தேற்றினாய்: "வுடு தம்பி. இவன் பொறந்தப்பவே நர்சம்மாகிட்ட பில்லு கேட்டவன்." அவன் சிரித்துவிட்டு, அங்கே நின்ற வண்டியில் உன்னை உட்கார்ந்து பார்க்கச் சொன்னான். நீ ஒரு பக்கமாக உட்கார்ந்து, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தாய். நான் கால்குலேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் கேட்டாய். "இன்னிக்கே எடுத்துட்டா என்னாடா?"

"ஆடி பொறக்கட்டும்மா. வெல எறங்கும்."

"ஆடியில எவன்டா புது வண்டி எடுப்பான்?"

"அதான் சொல்றேன். எவனும் எடுக்க மாட்டான். அவனே போன் பண்ணுவான் பாரு."

"அவன் பண்றது இருக்கட்டும். தேருக்கு வண்டி வந்துடுமா?"

"வந்துடும்மா. நை நைன்னாத."

என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆடி பிறந்த முதல் வாரத்தில் ஒரு காலை, ஆஸ்டலுக்குக் கிளம்பியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் பால் தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. "சார், மேனேஜர் ஒத்துக்கிட்டாரு. நீங்க சொன்ன ரேட்டுதான்."

நான் கேட்டேன்: "ஹேண்ட்லிங் சார்ஜ் இல்லாமதானே?"

"இல்லாமதான் சார். அம்மாவையும் கூட்டினு வாங்க. சாவிய அவங்க கையில குடுக்கலாம்."

அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. சுடுகாட்டில்கூட வரவில்லை. எதிர்முனையில் அவன் "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

ஆவணியில் அதே விலைக்கு வண்டி எடுத்தேன். நன்றாக ஓடுகிறது. ஆனால் அன்றைக்குப் போனில் நான் கேட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அக்காவிடம்கூட. அவளிடம் சொன்னால் காறித் துப்புவாள். நீயாக இருந்தால் திட்டியிருக்க மாட்டாய். "எம் புள்ள கெட்டிக்காரன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.