ஆயில் ஊசி ஏறவில்லை

ஆவணி 5, வியாழன்

காலையில் தூறல். நாற்று தயார், இன்னும் நாலு நாள் போனால் முற்றிவிடும். வாடகை டிராக்டரெல்லாம் வெம்பாக்கம் பக்கம் போய்விட்டது. வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்ட நம் பழைய டிராக்டர்தான் கதி. இவருக்கு இடது கால் உடைந்ததிலிருந்து கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. இரண்டு வருஷம்.

பழைய ஆயிலை இறக்கிப் புதுசு ஊற்றினார். முதலில் ஆயில் ஏறட்டும் என்று, டீசல் போகாமல் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றினோம். ஆயில் பிரஷர் ஊசி சீரோவிலேயே.

"ஸ்டார்ட் பண்ணா தானா ஏறும்" என்கிறார். மெக்கானிக் பாபு பாய்க்குப் போன் போட்டேன். "ஐயோ, வாணாம்மா! ஆயில் ஏறாம ஓட்னா இன்ஜின் ஜாம் ஆயிடும். சாவிய புடுங்கி வைங்க."

பிடுங்கிவிட்டேன். இவர் சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது. வண்டியை நினைத்தா, இவரை நினைத்தா, தெரியவில்லை.

ஆவணி 6, வெள்ளி

வாங்க: மண்ணெண்ணெய், சம்ப் பேக்கிங், இட்லி அரிசி.

பா. பாய் வந்தார். ஊசி மீட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக, காய்ந்து கிடந்த ஆயில் பம்புக்கு ஆயில் விட்டார். சுற்றினால் ஊசி லேசாகத் துடித்தது. மறுபடி படுத்துவிட்டது.

"உள்ள இன்னாவோ அடைச்சிகினு கீது."

இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றினால், ஆயில் உறிஞ்சும் சல்லடை முழுக்க அரக்குப் பட்டு நூல்! என் தறிக் கழிவு. ஆயில் ஊற்றும் வாயின் மூடி தொலைந்தபோது இவர்தான் அதை உருண்டையாக்கி அடைத்தாராம். உள்ளே விழுந்திருக்கிறது.

"இன்னா சேகரு, இன்ஜினுக்கு கூறப்பொடவை கட்டிகீற?" பா. பாய் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவதான் மூட்டை மூட்டையா வச்சிகினு இருந்தா." அடப்பாவி மனுஷா!

ஆவணி 7, சனி

வெயில். ராத்திரி தூக்கமே இல்லை. சல்லடை கழுவி மாட்டி, மறுபடி ஆயில். கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்று. நிறுத்து. சுற்று. முருகா, ஊசி எழுந்தது. விழவில்லை!

கம்பியை விட்டதும் இன்ஜின் பிடித்துவிட்டது. ஒரே புகை. இவர் முகத்தைப் பார்க்கணுமே. அழுதுவிட்டேன்.

ஏறி உட்கார்ந்தார். கிளட்சில் இடது காலை வைத்து அமுக்கினார். பாதிகூட இறங்கவில்லை. மறுபடி அமுக்கினார். வேர்த்துக் கொட்டியது. பா. பாய் வேறு எங்கோ பார்த்தார். மூன்று நாளாக எல்லோரும் ஊசியையே பார்த்தோம், இவருடைய இடது காலை ஒருத்தரும் நினைக்கவில்லை.

மெதுவாக இறங்கினார். இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"நீ ஏறு. நான் மட்கார்டுல குந்திக்கறேன். ஊசிய நான் பாத்துக்கறேன்."

செருப்பை உதறிவிட்டு ஏறினேன். கிளட்ச் கல் மாதிரி. உடம்பு மொத்தத்தையும் கொடுத்து அமுக்கினேன். இறங்கியது.