விடுதி அறையில் உறைந்த தயிர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதனால் கார் நிக்கோபார்வாழ் பெற்றோருக்கு அறிவிக்கப்படுவது யாதெனில், போர்ட் பிளேர் விடுதியில் உங்கள் மகன் குணா தன் கையாலேயே தயிர் உறையவைத்துவிட்டான்! உன் முழங்கால் வலி குறைந்ததா அம்மா? அப்பா நலமா?

கப்பலில் நீ கொடுத்தனுப்பிய உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி வகுப்பில் படித்தோம். அவை தங்கள் நொதிகளால் பாலிலுள்ள சர்க்கரையை உடைத்து, பிழைப்பதற்கான சக்தியை எடுத்துக்கொள்கின்றன. வேண்டாமென்று அவை வெளியே தள்ளும் அமிலம்தான் தயிரின் புளிப்பு. இத்தனை நாளும் அவற்றின் கழிவுக்குத்தான் நாம் ஊறுகாய் தொட்டுக்கொண்டிருந்தோம்!

நீ பவுடர் பாலைக் கரைத்துக் காய்ச்சி, விரலை விட்டுச் சூடு பார்த்து, "தூங்குதுடா, ஆட்டாத" என்று மூடிவைப்பாயே, அதுவே நினைவில் நிற்கிறது. என் அறைத்தோழன் பிஸ்வாஸ் ஒரு கிண்ணம் காலிசெய்துவிட்டு, "அரே யார், உங்க அம்மா தஹி சூப்பர்!" என்றான்.

அடுத்த கப்பலில் யாராவது வந்தால் இன்னொரு கரண்டி உறைமோர் கொடுத்தனுப்பு. சாப்பாட்டு மணி அடிக்கிறது, ஓடவேண்டும்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொறுமையில்லாமல் கொதிக்கிற பாலிலேயே உன் உறைமோரை ஊற்றிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக நீ சாகவிடாமல் காத்தது ஒரு நிமிடத்தில் வெந்துபோனது. பிஸ்வாஸ் சாப்பிட்டது அபர்டீன் பஜாரில் வாங்கிய பாக்கெட் தயிர். எனக்கு அது இறங்கவில்லை அம்மா.

குணா